மெர்செட் சீக்கியக் குடும்பக் கொலை: பக்கத்து மேசைக்காரரின் அச்சத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: தேன்கனி, மோடெஸ்டோ

வணக்கம். நான் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கிற்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. சரக்கு லாரி நிறுவனங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பக்கத்து மேசையில் இருப்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பஞ்சாபிப் பெண்மணி. காலையில் அவர் முதல் ஆளாக வர நேர்ந்தால், உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். அடுத்து வருபவர் தட்டிய பிறகு, கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார். வாடிக்கையாளர்கள் வந்துபோகும் இடத்தில் இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "மெர்செட்டுக்குப் பிறகு இப்படித்தான்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டிற்கு வந்து பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். 2022 அக்டோபரில், இங்கிருந்து ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தொலைவில் உள்ள மெர்செட்டில், லாரி நிறுவனம் நடத்திவந்த ஒரு சீக்கியக் குடும்பத்தின் நான்கு பேர், அவர்களில் ஒன்று எட்டு மாதப் பெண் குழந்தை, துப்பாக்கி முனையில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குப் புரியாதவை சில உள்ளன. சம்பவம் நடந்த முதல் இரண்டு நாள்களில், இது சீக்கியர்கள்மீதான வெறுப்பினால் நடந்ததாக இருக்குமோ என்ற அச்சமே அச்சமூகத்தினரிடையே மேலோங்கியிருந்ததாகத் தெரிகிறது. கைதானவர் அக்குடும்பத்திடம் முன்பு வேலை பார்த்தவர் என்று தெரிந்த பிறகும், அத்துயரத்தை ஒரு குடும்பத்தின் இழப்பாக மட்டும் கருதாமல் தங்கள் எல்லோருடைய இழப்பாகவே அவர்கள் பேசிவந்திருக்கிறார்கள். அந்த முதல் அச்சம் மிகையானதா? பிறகும் அது ஏன் அடங்கவில்லை? என் பக்கத்து மேசை அம்மையாரிடம் இதைப்பற்றிப் பேசுவது முறையா, பேசுவதென்றால் எப்படிப் பேசுவது? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: மணிமொழி, மெர்செட்

தேன்கனி அவர்களுக்கு வணக்கம். நான் இவ்வூரில் பதினெட்டு ஆண்டுகளாக வசிப்பவள். அந்த வாரத்தை இங்கே இருந்து கடந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை காண, நடந்தவற்றை அவை எங்களுக்குத் தெரியவந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். அக்டோபர் 3, திங்கட்கிழமை காலை ஒன்பது மணியளவில், நெடுஞ்சாலை 59ஐ ஒட்டிய அவர்களுடைய அலுவலகத்திலிருந்து அண்ணன் தம்பி இருவரும், ஒருவரின் மனைவியும், அவர்களுடைய கைக்குழந்தையும் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதன்பின் குடும்பத்திற்குச் சொந்தமான வண்டி ஒன்று வேறோர் ஊரில் எரிந்துகொண்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, வண்டியின் உரிமையாளரைத் தேடிக் காவலர்கள் போனபோதுதான் குடும்பத்தினர் யாரும் தொடர்பில் இல்லை என்பதே வெளிப்பட்டது. செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான அட்வாட்டரில் அவர்களுடைய ஏடிஎம் அட்டை ஒன்று பயன்படுத்தப்பட்டதைக் கொண்டு ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள்; அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மருத்துவமனையில் இருந்தார். சகோதரர்கள் கைகள் பின்னால் கட்டப்பட்ட நிலையில் நடத்திச் செல்லப்படும் கண்காணிப்புக் கேமராக் காட்சி புதன்கிழமை வெளியானது. அன்று மாலையே டாஸ் பாலோஸ் பக்கத்தில் ஒரு பாதாம் தோப்பில், அங்கு வேலை பார்த்த ஒரு விவசாயத் தொழிலாளி நான்கு உடல்களையும் கண்டார். அவ்விரவு ஷெரிப் வெர்ன் வார்ன்கி செய்தியாளர்களிடம் பேசியபோது, இந்த ஆளுக்கென்று நரகத்தில் தனி இடமே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு காவல் அதிகாரி பேசும் பேச்சா இது என்று அன்று இவ்வூரில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆக, திங்கள் முதல் புதன் வரை ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: பட்டப்பகலில், தங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு சீக்கியக் குடும்பத்தை ஒருவன் துப்பாக்கி காட்டிக் கொண்டுபோய்விட்டான். நோக்கம் இன்னதென்று யாரும் சொல்லவில்லை. கடத்தியவனிடமிருந்து பணம் கேட்டுத் தொலைபேசியும் வரவில்லை. அந்த இடைவெளியில் எங்கள் தெருவில் இருந்த பஞ்சாபி வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் மாலை நடையை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுத் தாத்தா தம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் மெதுவாகச் செல்லும் ஒவ்வொரு வண்டியையும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு இரவுகள், நகரின் நடுவே உள்ள பாப் ஹார்ட் சதுக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி நினைவுக் கூட்டம் நடந்தது. நான் இரண்டு இரவுகள் போனேன். முதல் இரவு அழுகை. பேச முயன்றவர்களும் பாதியில் நின்றார்கள். மறுமுறை போனபோது கூட்டத்தில் பஞ்சாபியரைவிட மற்றவர்கள் அதிகம்போல எனக்குத் தோன்றியது. மெக்சிகோ வழிவந்த ஒரு மூதாட்டி குழந்தையின் படத்தின் முன்னே சிறிய துணிப் பொம்மை ஒன்றை வைத்துவிட்டு, அங்கிருந்த ஒரு சீக்கியப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்கு மொழி புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், கைதானவரின் ஸ்பானியப் பெயரைக் கேட்டதும் அவருடைய இனத்தாரையே பழிக்கும் பேச்சு எழுந்துவிடுமோ என்று நான் உள்ளூரப் பயந்திருந்தேன். நான் நின்ற இடத்தில், என் காதில் அப்படி ஒரு சொல்லும் விழவில்லை.


மறுமொழி 2: பழுவூரான், ஸ்டாக்டன்

மணிமொழி அம்மா கண்ணால் கண்டதை எழுதிவிட்டார். அந்த அச்சத்திற்கு ஒரு நீண்ட வரலாறு இருப்பதால், அதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு நான்கே நாள்களுக்குப் பின், அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில், தம் பெட்ரோல் நிலையத்தின் முன்னே பூச்செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோடி, தலைப்பாகையைப் பார்த்து அவரை முஸ்லிம் என்று எண்ணிய ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011இல் நம் மாநிலத்திலேயே, சாக்ரமென்டோவுக்கு அருகே எல்க் குரோவில், மாலை நடைக்குச் சென்ற இரண்டு சீக்கிய முதியவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். 2012 ஆகஸ்ட் 5ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலத்து ஓக் கிரீக்கில், சீக்கியரின் வழிபாட்டிடமான குருத்வாராவிற்குள் ஒரு வெள்ளை இனவெறியன் புகுந்து சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். படுகாயமுற்று முடங்கிக் கிடந்த ஏழாமவர் 2020இல் இறந்தார். 2021 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் நகரின் ஃபெடெக்ஸ் கிடங்கில் சுடப்பட்டு இறந்த எட்டுப் பேரில் நால்வர் சீக்கியர்கள். இத்தனையையும் இருபது ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்ட ஒரு சமூகத்திற்கு, கடத்தியவனின் நோக்கம் தெரியாத அந்த இரண்டு நாள்களில் முதலில் எது நினைவுக்கு வரும்?

இன்னொன்றும் உண்டு. ஓக் கிரீக் கொலைகள் நடந்த காலத்தில், சீக்கியர்கள்மீதான வெறுப்புக் குற்றங்களுக்கு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எப்பிஐயின் கணக்கேட்டில் தனிப் பிரிவே இல்லை. அந்தக் கொலையில் தாயைப் பறிகொடுத்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அடுத்த மாதமே அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஒரு புள்ளிவிவரமாகக் கணக்கில் ஏறும் கண்ணியத்தையாவது தம் தாய்க்கு அளிக்குமாறு அவர் அரசைக் கேட்டார். 2015ஆம் ஆண்டிலிருந்துதான் அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. எண்ணப்படுவதற்கே போராட வேண்டியிருந்தவர்கள், ஒரு சீக்கியக் குடும்பத்திற்குத் தீங்கு நேர்ந்ததும் "இது எந்தக் கணக்கில் சேரும்" என்று கேட்பதை அவசரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. விசாரணை வேறு விடையைத் தந்தபோது, அதாவது முன்னாள் ஊழியருக்கும் குடும்பத்திற்கும் ஏறத்தாழ ஓராண்டாக இருந்த பூசலே காரணமாகத் தெரிகிறது என்று ஷெரிப் சொன்னபோது, எனக்குத் தெரிந்த சீக்கிய நண்பர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதில் அவர்களுக்கு ஆறுதல் ஏதும் கிடைத்ததாகத் தோன்றவில்லை.

கடத்தல் என்ற சொல்லுக்கே அவர்களிடம் ஒரு கனம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிரெஸ்னோ நகரில் ஜஸ்வந்த் சிங் கால்ரா பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. 2017இல் அப்பெயர் சூட்டப்பட்டது. பஞ்சாபில் காவல்துறையினரால் கொல்லப்பட்டு, யாரென்று அறியப்படாதவர்களாக எரியூட்டப்பட்டவர்களின் கணக்கைச் சுடுகாட்டுப் பதிவேடுகளிலிருந்து திரட்டிய மனித உரிமைச் செயல்பாட்டாளர் அவர். 1995 செப்டம்பரில் அமிர்தசரஸில் தம் வீட்டின் முன்னிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்துக் காவல்துறையினர் சிலர் அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். மெர்செட் வழக்கோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை, நான் அவற்றை ஒப்பிடவும் இல்லை. ஆனால், வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர் திரும்பி வராத ஊர்களிலிருந்து 1980களிலும் 1990களிலும் புறப்பட்டு வந்து இப்பள்ளத்தாக்கில் லாரி ஓட்டத் தொடங்கிய குடும்பங்கள் பல. "கொண்டுபோய்விட்டார்கள்" என்ற செய்தியை அவர்கள் கேட்கும் விதம் வேறு.

மணிமொழி அம்மா கடைசியில் சொன்னதைப்பற்றியும் ஒரு சொல். இங்கே பஞ்சாபியரும் மெக்சிகோக்காரர்களும் நேற்று அறிமுகமானவர்கள் அல்லர். ஸ்டாக்டன் குருத்வாரா 1912இல் தோன்றியது. இந்நாட்டின் முதல் குருத்வாரா அதுவே. அக்காலத்தில் இங்கு வந்த ஆண்கள் 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தால் ஊரிலிருந்து மனைவியரை அழைத்துக்கொள்ள முடியாமலும், 1913ஆம் ஆண்டு மாநில நிலச் சட்டத்தால் தங்கள் பெயரில் நிலம் வாங்க முடியாமலும் தவித்தார்கள். அவர்களில் பலர் மெக்சிகோ வழிவந்த பெண்களை மணந்து, இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் யூபா பகுதியிலும் குடும்பங்களாக வாழ்ந்தார்கள். இன்றும் பழத்தோப்புகளில், பொதிகட்டும் கொட்டகைகளில், லாரி முற்றங்களில் இருவரும் தோளோடு தோள் நின்றுதான் வேலை செய்கிறார்கள். அந்த உடல்களைக் கண்டு முதலில் அதிர்ந்து நின்றவரும் ஒரு தோப்புத் தொழிலாளிதானே.


மறுமொழி 3: அரசு, சான் ஹோசே

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து. தனிப்பட்ட பகையினால் நடந்த கொலையை ஒரு சமூகத்தின் துயரமாக விரிப்பதில் ஆபத்து இருப்பதாகக் கருதுகிறேன். இறந்தவர்கள் வேறு மதத்தவராக இருந்திருந்தால் "ஒரு தொழில் முதலாளியின் குடும்பம்" என்றுதான் செய்தி வந்திருக்கும். குற்றம் சாட்டப்பட்டவர், பல ஆண்டுகளுக்கு முன்பு தாம் வேலை பார்த்த வேறொரு குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் கொள்ளையிட்ட வழக்கில் 11 ஆண்டுத் தண்டனை பெற்று, 2015இல் சிறையிலிருந்து வெளிவந்தவர் என்று செய்திகளில் படித்தேன். அக்குடும்பம் சீக்கியக் குடும்பம் அன்று. அப்படியானால் இங்கே மதத்திற்கு என்ன வேலை? இப்படிப்பட்ட ஒருவர் மறுபடியும் அதே வகையான குற்றத்திற்கு எப்படி வர முடிந்தது என்ற கேள்வியல்லவா முதலில் எழ வேண்டும்? மெழுகுவத்தி ஏற்றுவதால் அக்கேள்வி மங்கிப்போகிறதோ என்பது என் ஐயம். வழக்கில் அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தீர்ப்பை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.


மறுமொழி 4: செங்காந்தள், லிவிங்ஸ்டன்

அரசு ஐயா கேட்டது நேர்மையான கேள்வி. நான் திருச்சியில் பிறந்து, பஞ்சாபிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார் லாரி ஓட்டினார். கணவரும் கொழுந்தனும் ஆறு லாரிகள் வைத்து நடத்துகிறார்கள். மெர்செட் வட்டாரத்திலேயே இருக்கும் எங்கள் ஊரில் பஞ்சாபி மளிகைக்கடைக்கும் குருத்வாராவிற்கும் நடந்தே போகலாம். ஆகவே வீட்டிற்குள்ளிருந்து பதில் சொல்ல முயல்கிறேன்.

இந்த வட்டாரத்தில் லாரித் தொழில் என்றால் அது குடும்பம்தான். முதலில் ஒருவர் வேறொருவரிடம் ஓட்டுநராக இருப்பார். கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு லாரி வாங்குவார். தம்பி வந்து சேர்ந்ததும் இரண்டாவது. நெடுஞ்சாலை ஓரமாக நிலம் வாடகைக்கு எடுத்து லாரிகளை நிறுத்துவார்கள். அங்கேயே ஒரு சிறு அறையோ கூண்டுவீடோ அலுவலகமாகும். ஒருவர் தரகர்களிடம் பேசி லோடு பிடிப்பார். மனைவியோ தங்கையோ டீசல் கணக்கும் ஓட்டுநர் கூலியும் பார்ப்பார். கைக்குழந்தை இருந்தால் அதுவும் தொட்டிலோடு அங்கே வந்துவிடும், வேறெங்கு விடுவது? என் இரண்டு பிள்ளைகளும் எங்கள் யார்டு அறையில்தான் தவழ்ந்தார்கள். அந்தக் கேமராக் காட்சி வெளியான இரவு, என் மாமியார் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டது இதுதான்: "நம் அறைக்கும் அந்த அறைக்கும் என்ன வித்தியாசம்?" நெடுஞ்சாலை 99 நெடுகிலும், பேக்கர்ஸ்பீல்டிலிருந்து ஸ்டாக்டன் வரை, அதே மேசை, அதே கண்ணாடிக் கதவு, அதே சுவரில் மாட்டிய குரு நானக் படம். ஆகையால், ஐயா, அவர்கள் சீக்கியர்கள் என்பதற்காகக் கடத்தப்படவில்லை என்றாலும், அவர்களுடைய வாழ்க்கை எங்களுடைய வாழ்க்கையாகவே இருந்தது. துயரம் விரிந்தது அப்படித்தான், யாரும் விரிக்கவில்லை.

மதத்திற்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். கொலைக்கான காரணத்தில் அதற்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். துக்கம் தாங்கும் முறையில் இருந்தது. அந்த வாரம் இங்குள்ள குருத்வாராக்களில் அர்தாஸ் சொல்லும்போது நான்கு பேரையும் நினைத்தார்கள். அர்தாஸ் எனும் வேண்டுதலின் முடிவில் வரும் சொற்கள் 'சர்தி கலா', 'சர்பத் தா பலா' என்பவை. முதலாவது, எந்த நிலையிலும் தாழாத மனம். இரண்டாவது, எல்லோருக்கும் நன்மை. நான் திருமணமாகி வந்த புதிதில் இச்சொற்களைச் சடங்குக்காகச் சொல்பவை என்றே எண்ணியிருந்தேன். அந்த வாரம் அவற்றைச் சொல்ல முடியாமல் என் மாமனார் நின்றுவிட்டார். கொன்றவனுக்கும் நன்மையா என்று வீட்டிற்கு வந்து கோபப்பட்டார். மறுநாள் காலை மறுபடியும் குருத்வாராவிற்குப் போய், லங்கர் எனும் பொதுப்பந்தியின் சமையற்கட்டில் ரொட்டி உருட்டினார். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. சர்தி கலா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொறுமை என்றோ மன்னிப்பு என்றோ எழுதிவிடுகிறார்கள்; எனக்கு அது, கோபம் இருக்கும்போதே மாவு பிசையப் போவது என்றுதான் படுகிறது.

அக்டோபர் 15ஆம் தேதி டர்லாக்கில் இறுதிச் சடங்கு நடந்தது. பல நூறு பேர் வந்திருந்தார்கள். சீக்கிய முறையில் அந்தம் சன்ஸ்காரத்தின்போது இரவு வழிபாட்டுப் பாடலான சோகிலாவை ஓதுவார்கள். மாரில் அறைந்துகொண்டு அழுவதை மரபு ஊக்குவிப்பதில்லை, இறைவனின் ஆணையை ஏற்பதே மன அடக்கம். அந்தச் சின்னஞ்சிறு பெட்டியைப் பார்த்தபின் அந்த அடக்கம் பலருக்குக் கைகூடவில்லை. அதைத் தவறென்று பெரியவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் அவர்களுடைய பூர்விகச் சிற்றூரிலும் துக்கம் கேட்க ஊரே கூடியது. முதலமைச்சர் பகவந்த் மான், உயர்மட்ட விசாரணை கோருமாறு ஒன்றிய வெளியுறவு அமைச்சருக்கு வேண்டுகோள் விடுத்தார். தந்தையை இழந்த பிள்ளைகளுக்காகவும் வயதான பெற்றோருக்காகவும் திரட்டிய நிதி சில நாள்களிலேயே இலட்சக்கணக்கான டாலர்களானது.

மெழுகுவத்தியால் கேள்விகள் மங்கின என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கேள்விகள் கேட்கப்பட்ட இடம் வேறு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும் முறையைப்பற்றிப் பல இரவுகள் பேசினோம். அதுவரை யாரோ ஒருவர் "நல்ல பையன்" என்று சொன்னால் போதும், சாவியைக் கொடுத்துவிடுவோம். இப்போது பழைய முதலாளிகளிடம் விசாரிக்கிறோம். ஒருவரை நிறுத்த வேண்டி வந்தால், கலிபோர்னியச் சட்டப்படி அவருடைய கடைசிச் சம்பளத்தை அந்த நாளிலேயே முழுமையாகத் தர வேண்டும். முன்பு "அடுத்த வெள்ளிக்கிழமை வா" என்று இழுத்தடிப்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு, அதை ஒளிக்க விரும்பவில்லை. மெர்செட் குடும்பம் அப்படிச் செய்தது என்று நான் சொல்லவில்லை, அந்த எண்ணமே வேண்டாம். கொலையுண்டவர்கள்மீது காரணம் தேடுவது பெரும் பாவம். ஆனால் அச்சம் எங்களை எங்கள் பழக்கங்களையும் பார்க்கவைத்தது.

அரசு ஐயா, நீங்கள் சான் ஹோசேக்காரர் என்பதால் இதைக் கட்டாயம் அறிந்திருப்பீர்கள். 2021 மே மாதம் உங்கள் ஊரின் பொதுப் போக்குவரத்து நிறுவனமான விடிஏவின் ரயில் பணிமனையில் ஊழியர் ஒருவர் தம் சக ஊழியர்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர்களில் ஒருவர் சீக்கியர். மற்றவர்களைப் பாதுகாப்பான அறைக்கு அனுப்பிவிட்டுத் தாம் மாட்டிக்கொண்டவர் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அதையடுத்து வந்த மாநிலச் சட்டத்தின்படி, 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான பணியிடங்களில் வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுதிவைத்து, ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும். இன்றைய ஊழியர், பழைய ஊழியர் இருவரிடமிருந்தும் வரக்கூடிய ஆபத்தை அச்சட்டம் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை பார்க்கும், பொதுமக்கள் வராத இடங்களுக்கு விலக்கு உண்டு. குடும்பம் நடத்தும் லாரி அலுவலகங்கள் பலவும் அந்த விலக்கில்தான் போய் விழும். எனக்கு அது உறுத்துகிறது.

தேன்கனி, உங்கள் கடைசிக் கேள்விக்கு: பேசலாம். கதவைத் தாழிடுவதைப்பற்றிக் கேட்டுத் தொடங்க வேண்டாம், அது விளக்கம் கேட்பதுபோல் ஆகிவிடும். "மெர்செட்டைப்பற்றிப் படித்தேன், மனம் தாங்கவில்லை" என்று சொன்னால் போதும். அவர் பேச விரும்பினால் பேசுவார். குருத்வாராவிற்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவுங்கள், பிரசாதத்தை இரு கையிலும் ஏந்தி வாங்குங்கள். லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பார்கள். உண்டு முடித்ததும் நேராகச் சமையற்கட்டிற்குப் போய்ப் பாத்திரம் துலக்கக் கேளுங்கள். ஆயிரம் ஆறுதல் சொல்லைவிட அந்த வீட்டார்க்கு அது நன்றாகப் புரியும்.


மறுமொழி 5: அரசு, சான் ஹோசே

செங்காந்தள் அவர்களின் மறுமொழியை இரண்டு முறை படித்தேன். "நம் அறைக்கும் அந்த அறைக்கும் என்ன வித்தியாசம்" என்ற கேள்வியை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. விடிஏ பணிமனையின் எதிர்ப்புறத் தெருவில்தான் அன்று என் அலுவலகம் இருந்தது. அன்று காலை நானும் என் மேலாளரும் கேட்டுக்கொண்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். அப்போது எங்களை ஒரு சமூகம் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவே. பழைய குற்றவாளிகளைக் கண்காணிப்பதுபற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. அதை வேறொரு இழையில் தனியாக எழுதுகிறேன்.


தேன்கனி, மோடெஸ்டோ

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். "படித்தேன், மனம் தாங்கவில்லை" என்றதும் அந்த அம்மையார் சிறிது நேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெர்செட் நினைவுக் கூட்டத்திற்குத் தாமும் தம் மகளும் மூன்றாம் இரவு போனதாகவும், மகள் அப்போது கருவுற்றிருந்ததாகவும் சொன்னார். பேத்தி பிறந்ததும் யார்டு அலுவலகத்திற்குக் குழந்தையைத் தூக்கி வரக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அந்தச் சத்தியம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார். குழந்தையை வேறெங்கே விடுவது என்று அவரும் கேட்டார், செங்காந்தள் அக்கா கேட்ட அதே சொற்களில்.

எங்கள் அலுவலகத்திற்கு வாடிக்கையாளர்கள் வருவதால் அந்தச் சட்டத்தின் விலக்கு எங்களுக்குக் கிடையாது என்று தெரிந்துகொண்டு, முதலாளியிடம் கேட்டேன். தடுப்புத் திட்டம் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நான் சேர்ந்தபோது அதைப் படித்ததாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். காலையில் தனியாகத் திறப்பவரைப்பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இப்போதைக்கு நானும் அந்த அம்மையாரும் ஒரே நேரத்திற்கு வருவதென்று பேசி வைத்திருக்கிறோம். நேற்று நெரிசலில் மாட்டி ஐந்து நிமிடம் பிந்திப் போனேன். கதவு தாழிட்டிருந்தது. தட்டினேன், என் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.